மீன் துள்ளுவதைக் காட்டுகிறார்கள், மண் கரைவதைக் காட்டுவதில்லை

சால்மன் மீனைப் பற்றித் தொலைக்காட்சியில் படம் வந்தால் இரண்டு காட்சிகள் கட்டாயம் உண்டு. மீன் அருவியை எதிர்த்துத் துள்ளும். மேலே கரடி வாயைப் பிளந்து நிற்கும். பி.பி.சி. 2009ஆம் ஆண்டு ஒளிபரப்பிய 'நேச்சர்ஸ் கிரேட் ஈவென்ட்ஸ்' தொடரில் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. பார்க்க அருமைதான். ஆனால் அது வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்சி. பிரிட்டனில் தூண்டில் போடுகிறவர்களுக்கோ தங்கள் ஆற்றின் கதையைக் காட்டவில்லையே என்ற குறை உண்டு. அந்தக் குறை நியாயமானதே. (நம் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீன் வேறு இனம்.)

பிரிட்டன் ஆறுகளில் சால்மன் அருகி வருகிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அது அங்கே 2023 டிசம்பரில் பட்டியலிடப்பட்டது. கடல் சூடாவது ஒரு காரணம். மற்றொரு காரணம் விவசாயிக்கு நன்கு புரியக்கூடியது.

பெண் மீன் குளிர்காலத் தொடக்கத்தில் ஆற்றுக் கூழாங்கற்களை வாலால் பறித்துக் குழி செய்து முட்டையிடுகிறது. கற்களின் இடைவெளியில் நீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயல்களில் மழை அடித்து, மேல்மண் ஆற்றில் இறங்குவதும் அதே பருவத்தில்தான். வண்டல் இடைவெளியை அடைத்துவிட்டால் முட்டை மூச்சுமுட்டிச் சாகிறது.

வேல்ஸ் நாட்டில் பிறந்து இங்கிலாந்து எல்லையை ஒட்டி ஓடும் வை ஆற்றைப் பாருங்கள். அதன் வடிநிலத்தில் சுமார் 2 கோடி கோழிகள் வளர்க்கப்படுகின்றன. கோழி எரு நல்ல எரு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பயிரின் தழைச்சத்துத் தேவையைக் கணக்கிட்டு அதைக் கொட்டினால், மணிச்சத்து தேவைக்கு மேல் போய்விடும். மிகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் கரையும்போது ஆற்றுக்குப் போகிறது. கழிவுநீரும் சேர்கிறது. பிறகு நீர் பாசி பிடித்துப் பச்சையாகிறது. அடியில் நீர்ச்செடிகளுக்கு வெளிச்சமில்லை. 2023இல் இவ்வாற்றின் நிலை சீர்கெட்டு வருவதாக இங்கிலாந்தின் அரசுத் துறையே அறிவித்தது.

தூண்டில்காரர்களில் சிலர் நீர்நாய் மீது பழி போடுவது எனக்கு ஒப்பாது. விதை நேர்த்திக்கும் ஆட்டுக் குளிப்புக்கும் பயன்பட்ட டீல்டிரின் போன்ற மருந்துகளால் 1950களின் பிற்பகுதியிலிருந்து அங்கே அருகிப் போன பிராணி அது. அவற்றுக்குத் தடை வந்த பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. சால்மனும் நீர்நாயும் ஒரே ஆற்றில் நெடுங்காலம் வாழ்ந்தவைதாமே?

அதற்காக விவசாயியை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவதும் சரியல்ல. மலிவுக் கோழி கேட்பவர் நகரத்தார். கொட்டகையில் எரு குவிவதோ கிராமத்தில். மண்ணைச் சோதித்து எரு இடவும், ஆற்றோரம் புல் வரப்பு விடவும், குளிர்காலத்தில் மூடு பயிர் போடவும் செலவாகும். அந்தச் செலவில் கோழி வாங்கி விற்கும் கம்பெனியின் பங்கு எவ்வளவு? அடுத்த சால்மன் படம் எடுப்பவர் காமிராவைக் கரடியிடமிருந்து சற்றே திருப்பி, இதையும் கேட்கட்டும்.