கல்லாப்பெட்டிக்குப் புதுப் பித்தளை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய கல்லாப்பெட்டிகளை இன்றும் பார்க்கலாம். தேக்குப் பெட்டி, சரிந்த மூடி, உள்ளே சில்லறைக்குச் சின்னச் சின்ன அறைகள். மரம் அப்படியே நிற்கும், பித்தளைதான் முதலில் போகும். மூலைத்தகடு ஒன்று இருந்தால் மூன்று இருக்காது. வாங்கிவந்தவர் உடனே என்ன செய்கிறார்? மிச்சமிருப்பதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு புது செட் வாங்கி அடிக்கிறார். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இல்லாததற்கு மட்டும் புதிது போட்டால் போதாதா? அதுவும் பித்தளையாக இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. அப்புறம் அந்த ஸ்டார் ஸ்க்ரூ! 1930களில் சந்தைக்கு வந்த சரக்கு, அதற்கு முந்தைய பெட்டியில் பல்லை இளிக்கும். ஒற்றைக்கோட்டுத் திருகாணியே பொருத்தம். பித்தளை மென்மையானது, நேரே முடுக்கினால் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவி முடுக்க வேண்டும். ஓட்டை தளர்ந்திருந்தால் தேக்குக் குச்சியைச் சீவி, பசை தொட்டு அடைத்துக்கொள்ளலாம். புதுத் தகடு தனியாக மின்னுகிறதே என்று பழையதைப் புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பாதீர்கள். மூடிய டப்பாவில் அம்மோனியா ஆவி பட வைத்தால் புதியதே மங்கி வழிக்கு வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு, மொட்டைமாடியில் செய்யுங்கள்.