மலைப் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும், மலையும் வேண்டும்

கொடைக்கானல் மலையில் உழைப்பவனின் பிள்ளைக்கு ஓடி விளையாட ஓர் ஒழுங்கான அரங்கம் வேண்டாமா? இந்தக் கேள்வியை நாம் எழுப்பியதும் இரண்டு குரல்கள் கிளம்புகின்றன. "மலையைத் தொடாதே, விளையாட்டு கீழே நடக்கட்டும்" என்கிறது ஒன்று. "பெரிய ஸ்டேடியம் கட்டு, டூரிஸ்டுகள் வருவார்கள், பணம் கொட்டும்" என்கிறது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. முதல் குரல் பிள்ளைகளை மறந்துவிட்டது. இரண்டாவது குரலோ மலையையே ஏலத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது.

நூறு ஏக்கர் யாருக்கு?

இந்த மலையில் விளையாட்டுக்கு நிலம் கிடைத்ததே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1863ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1890ல் படகுச் சங்கம் வந்தது. 1895ல் கோல்ப் சங்கம் வந்தது. பதினெட்டுக் குழிகள் கொண்ட அந்த மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் இன்றும் பரந்து கிடக்கிறது. துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கு மட்டும் போகவில்லை. சந்தாவும் கட்டணமும் கட்ட வசதியுள்ளவனுக்குப் பசும்புல் வெளி; காரட் மூட்டை சுமப்பவனின் மகனுக்கு ரோட்டோரம்.

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழக சர்க்கார் அறிவித்தது. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். ஆனால் கொடைக்கானல் தனித் தொகுதி அல்ல. பழனித் தொகுதியைச் சேர்ந்தது. தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் பழனியில் அரங்கம் எழுந்தால், கொடைக்கானல் பிள்ளை சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கிப்போய்ப் பந்தாட வேண்டும்! பூம்பாறை, மன்னவனூர் பிள்ளைகளுக்கோ தூரம் இன்னும் அதிகம். மலைக்குத் தனியாக ஓர் அரங்கம் வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

பச்சை வர்ணம் போதாது

ஆனால் எப்படிப்பட்ட அரங்கம்? கூரையில் சூரிய மின்தகடு பொருத்திவிட்டால் "இயற்கைக்கு இசைந்த ஸ்டேடியம்" என்று காண்டிராக்டர்கள் விளம்பரம் செய்கிறார்கள். மின்தகடு நல்லதுதான். ஆனால் எந்த நிலத்தை அழித்துக் கட்டினாய், எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறாய், ஆண்டில் எத்தனை நாள் யார் அதில் விளையாடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் மின்தகடு பதில் சொல்லாது.

தென் கொரியாவைப் பாருங்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்துக்காகப் பியோங்சாங்கில் 35,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். துவக்க விழா, நிறைவு விழா என்று நான்கே நிகழ்ச்சிகளுக்குப் பயன்பட்டது. பிறகு இடித்துத் தள்ளினார்கள். பனிச்சறுக்குப் பாதைக்காகக் கரிவாங் மலையின் பழமையான காட்டை வெட்டினார்கள். "பந்தயம் முடிந்ததும் காட்டை மீட்டுத் தருவோம்" என்று வாக்குக் கொடுத்தார்கள். நடந்தது என்ன? 2023ல் அதே மலையில் உல்லாசப் பயணிகளுக்குக் கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கியது. மலையில் ஒருமுறை வெட்டிய காடு வாக்குறுதியால் திரும்ப முளைப்பதில்லை.

நம் சென்னையில் என்ன நடந்தது? 2011ல் சேப்பாக்கத்தில் புதிய பார்வையாளர் மாடங்கள் எழுந்தன. இடைவெளி விட்டு, துணிக்கூரை போட்டு, கடற்காற்று உள்ளே வரும்படி அமைத்தார்கள். நல்ல யோசனை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் அனுமதிச் சிக்கலால் மூன்று மாடங்கள் பூட்டப்பட்டன. சுமார் 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. காலியாகக் கிடக்கும் கட்டிடத்தைவிடப் பெரிய விரயம் ஏது?

மேலே செய்தால் கீழே விளையும்

பழனி மலையின் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அடிவாரத்து விவசாயி நாற்று விடுகிறான். ஆகவே மேலே ஒரு புல்வெளியை மட்டம் தட்டினால் கீழே ஒரு வயல் காய்கிறது.

மேலே கொட்டும் விஷமும் கீழேதான் இறங்கும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கதையை யாரும் மறக்கவில்லை. 2001ல் அந்த ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் நிவாரணம் பெற 2016 வரை போராட வேண்டியிருந்தது. இப்போது செயற்கைப் புல்தரை மோகம் பரவி வருகிறது. அதில் தூவும் ரப்பர்த் துகள்கள் நுண்பிளாஸ்டிக்காகக் கரைந்து பரவுகின்றன என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்து, மாறிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. ஐரோப்பா கழித்துக்கட்டும் சரக்கை நம் மலையில் விரிக்க விடலாமா? கனமழை பெய்யும் மலையில் அந்தத் துகள் ஓடைக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

தண்ணீர் விஷயத்திலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2016ல் மகாராஷ்டிரத்தில் வறட்சி வாட்டியபோது, ஏப்ரல் 30க்குப் பிறகு நடக்கவிருந்த ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகும்படி பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குடத்துக்கு முன்னால் ஆடுகளம் நிற்க முடியாது. கோடையில் கூட்டம் பெருகிக் குடிதண்ணீருக்கு இழுபறியாகும் கொடைக்கானலுக்கு இது இன்னும் பொருந்தும்.

எப்படிக் கட்டலாம்?

மலைக்கு ஏற்ற அரங்கத்துக்கு அதிசய ஞானம் தேவையில்லை. சோலையிலும் புல்வெளியிலும் கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே மட்டமாக்கிய பொது மைதானத்தையும் பள்ளி மைதானத்தையும் செப்பனிட வேண்டும். மலைச்சரிவை நெட்டுக்குத்தாக வெட்டக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலைப்பாதைகள் பட்ட பாட்டை அனைவரும் பார்த்தோம். சரிவையே படிக்கட்டாக்கினால் காலரிக்குக் கான்கிரீட் தூண் எதற்கு? கூரைக்கு யூகலிப்டஸ், பைன் மரங்களைப் பதப்படுத்திப் பயன்படுத்தலாம். இவை அந்நிய மரங்கள், மலையிலிருந்து அகற்ற வேண்டியவை. கூரையில் விழும் மழை தொட்டியில் சேரட்டும். மைதானத்து நீர் வண்டல் குழியில் தங்கித் தெளிந்து ஓடைக்குப் போகட்டும். தரைக்கு இயற்கைப் புல் போதும். இரவெல்லாம் ராட்சத விளக்கு வேண்டாம். காட்டுமாடு நடமாடும் ஊர் இது. பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற அறையும் சுத்தமான கழிப்பறையும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலுக்குப் பூட்டும் நுழைவுக்குக் கட்டணமும் கூடாது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும், பளியர் குடியிருப்புப் பிள்ளையும், விடுதியில் பாத்திரம் கழுவும் இளைஞனும் தினந்தோறும் விளையாடும் அரங்கம்தான் நீடித்து நிற்கும் அரங்கம். மக்கள் புழங்கும் இடத்தை மக்களே காப்பார்கள்.

ஆகவே நாம் கோருகிறோம்: கொடைக்கானல் மலைக்குத் தனி அரங்கம் ஒதுக்கு! இடத்தையும் திட்டத்தையும் கிராம சபைகளிலும் நகராட்சியிலும் பகிரங்கமாக வைத்து முடிவு செய்! நிர்வாகத்தைத் தனியாருக்குக் குத்தகை விடாதே!

மலைத் தொழிலாளியும் அடிவாரத்து விவசாயியும் இந்தக் கோரிக்கையில் ஒன்றுசேர வேண்டும். ஒருவருக்கு மைதானம் வேண்டும், மற்றவருக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஒரே மலையில்தான் இருக்கின்றன.