“என்னுது! தர மாட்டேன்!”

இரண்டு வயசுக் குழந்தை பொம்மையைக் கட்டிக்கொண்டு இப்படி அலறினால், ‘இது இப்பவே இவ்வளவு கருமியா!’ என்று கலங்காதீர்கள், அம்மா. ‘நான்’, ‘என்னுது’ என்பதையே அது இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. கொடுத்த பொருள் திரும்பி வரும் என்பது அதற்கு இன்னும் தெரியாது.

வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்று, வெடுக்கென்று பிடுங்கி அடுத்த குழந்தையிடம் கொடுக்கிறோம். அதிலிருந்து அது கற்பது என்ன? பலமுள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான்! “கொஞ்ச நேரம் அவன், அப்புறம் நீ” என்று முறை வையுங்கள். சொன்னபடி திரும்ப வாங்கியும் கொடுங்கள்.

தின்பண்டத்தில் ஆரம்பிப்பது சுலபம். சிதம்பரத்துச் சகோதரிகள் திருவாதிரைக் களி கிண்டும்போது, அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணத்தைக் குழந்தை கையாலேயே கொடுக்கச் சொல்லலாமே!

கடலூரானாலும் சிதம்பரமானாலும், வடலூருக்கு ஒரே நாளில் போய் வரலாம். 1867-ல் வள்ளலார் நிறுவிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவர் யாராயிருந்தாலும் சோறு உண்டு. பந்தியில் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்குப் போட்டாலும் தன் பங்கும் வருகிறது என்று அது கண்ணால் பார்க்கட்டும். ‘எனக்குக் குறையாது’ என்ற தைரியம் வந்துவிட்டால், கொடுக்கும் கை தானே நீளும்.