வாரத்துக்கு ஒன்றா, நாளுக்கு ஒன்றா?

இண்டூரில் உட்கார்ந்துகொண்டு பயோகெமிஸ்ட்ரி பற்றி எழுத இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டிக் கல்லூரியில் ஒன்றும் படித்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் டி.ஃபார்ம் படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் 'பயோகெமிஸ்ட்ரி அண்ட் க்ளினிக்கல் பேத்தாலஜி' என்று ஒரு பேப்பர். அதைக் கையில் எடுத்தாலே அந்தப் பெண் விடுகிற பெருமூச்சில் தெருக்கோடி வேப்பமரம் ஆடுகிறது.

"ஏங்கண்ணா, மெடிக்கல்ல நிக்கப் போறவளுக்கு இந்த என்சைம் எல்லாம் எதுக்கு? சீட்டைப் பாத்து மாத்திரை எடுத்துக் குடுத்தா பத்தாதா?"

பத்தாது தாயே. ஏன் என்று தேடிப் படித்ததில் எனக்கே கொஞ்சம் உதறல் எடுத்தது. கேளுங்கள்.

நம்ம ஜில்லாவுக்கு நன்றாகப் பழக்கமான ஃப்ளூரைடிலிருந்து ஆரம்பிப்போம். இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலர் வாயைத் திறந்து சிரித்தால் போதும், பல்லின் காவிக் கறையே ஊர் பேரைச் சொல்லிவிடும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் காவிரித் தண்ணீரைக் கொண்டு வந்தார்கள்.

இந்த வில்லனுக்கு லேபில் ஒரு நல்ல உத்தியோகம் உண்டு! சர்க்கரை பார்க்க எடுக்கிற ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுகிறார்கள் அல்லவா? அதில் இருப்பது சோடியம் ஃப்ளூரைடு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சும்மா இருக்காது. மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும். ரிசல்ட் குறைவாக வரும், நாமும் சந்தோஷமாக ஜாங்கிரி சாப்பிடக் கிளம்பிவிடுவோம். ஃப்ளூரைடு போய், சர்க்கரையைச் செரிக்கிற வரிசையில் உள்ள 'ஈனோலேஸ்' என்கிற என்சைமின் கையைக் கட்டிப் போடுகிறது. ஆபீசில் ஒரு கிளார்க் லீவு போட்டால் மொத்த ஃபைலும் நிற்குமே, அதே கதைதான்.

எத்தனையோ மருந்துகள் செய்வதும் இதைத்தான். ஏதாவது ஒரு கிளார்க்கின் கையைக் கட்டுவது! எந்தக் கிளார்க், அவர் சீட்டில் இல்லாவிட்டால் என்னென்ன நிற்கும் என்று சொல்லித் தருகிற பாடம்தான் பயோகெமிஸ்ட்ரி.

இதற்கு நம்ம சென்னையில் படித்த ஒருவரே சாட்சி. எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனைத் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்தார் (அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்). பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, அப்புறம் அமெரிக்கா. நம் உடம்புக்குள் ரொக்கப் பணம் மாதிரி புழங்குகிற ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பி.காம். காரனுக்கு இவரைப் பிடிக்காமல் இருக்குமா?

லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் ஃபோலிக் ஆசிடைத் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் ஆசிட்தான். புது செல் உண்டாக அது கட்டாயம் வேண்டும். அப்படியானால், அதைப் போலவே தோற்றமுள்ள ஒரு போலியைக் கொடுத்து ஏமாற்றினால் புற்றுநோய் செல் வளராமல் நிற்குமா? அந்த யோசனையில் பிறந்த போலி, அமினோப்டெரின். 1948-ல் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் அதே 1948-ல் காலமானார். இங்கே நம் பார்மசி சட்டம் வந்ததும் அதே வருஷம்தான்.

இப்போது மெடிக்கலுக்கு வருவோம். மெத்தோட்ரெக்சேட் இன்று மூட்டு வாதத்துக்கும் தருகிறார்கள். சின்ன மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரை மாதிரி தினமும் ஒன்று என்று போட்டுக்கொண்டால், எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். உயிர் போன கேஸ்கள் பல தேசங்களில் உண்டு. மூட்டு வலிக்காரப் பாட்டிக்கு, "காலையில ஒண்ணு, சாப்பிட்டதும் போட்டுக்கங்க" என்று பழக்க தோஷத்தில் ஒருத்தர் சொல்லிவிட்டால்...?

இன்னொன்று. அதே பாட்டிக்கு ஏதோ இன்ஃபெக்‌ஷன் என்று வேறொரு டாக்டர் கோட்ரைமாக்சசோல் எழுதுகிறார். அதில் உள்ள ட்ரைமெத்தோப்ரிம் கிருமியின் ஃபோலிக் ஆசிட் கிளார்க்கைக் கட்டுகிற மருந்து. ஏற்கெனவே ஒரு கையைக் கட்டியிருக்கிற மனுஷிக்கு இன்னொரு கயிறு! இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. சீட்டு இரண்டு, டாக்டர் இரண்டு பேர். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கிற ஒரே ஆள், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பார்மசிஸ்ட்.

இந்த ஆபத்துகளை மனப்பாடம் செய்யலாம்தான். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தும் போகலாம். ஆனால் ஃபோலிக் ஆசிட் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், கர்ப்பிணிக்கு ஏன் அது வேண்டும், மெத்தோட்ரெக்சேட் ஏன் அவளுக்குக் கூடவே கூடாது, வாதக்காரருக்கு ஏன் கூடவே ஃபோலிக் ஆசிடும் எழுதியிருக்கிறார்கள் எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். அஸ்திவாரம் என்பது இதுதான். கட்டடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த தடவை மருந்து வாங்கும்போது, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கவுன்ட்டரில் யாராவது கேட்டால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, குடுப்பா" என்று எரிந்து விழாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும் சார்!