ஆட்டிசத்துக்கும் வயசாகிறது

உலகத்தில் முதன்முதலாக ஆட்டிசம் என்று மருத்துவப் பதிவில் ஏறியவர் 2023 ஜூன் மாதம்தான் இறந்தார். பெயர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் கேஸ் இவர்தான். இறக்கும்போது வயது 89.

இந்தச் செய்தியை எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது ஒருத்தர் கேட்டார்: "89 வயசா? ஆட்டிசம் குழந்தைங்களுக்குத்தானே வரும்?" நன்றாகப் படித்தவர், பெரிய கம்பெனியில் ஆர்க்கிடெக்ட். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஆட்கள் மத்தியில் அந்தச் சொல் இரண்டு வயதுக்கும் பத்து வயதுக்கும் நடுவில்தான் புழங்குகிறது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்கிறான், தெரபிக்கு எங்கே போகலாம், எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் பேச்சிலிருந்தே காணாமல் போகிறார்கள். பொங்கல் விழாவுக்கு அவர்களைக் கூட்டி வருவதும் ஒரு வயதுக்கு மேல் நின்றுவிடுகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2000-ஆம் ஆண்டு எட்டு வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. 2022 கணக்கில் 31 பேரில் ஒருவர். ஏன் இப்படி ஏறியது என்று எல்லோரும் சண்டை போடுகிறோம். (பெரும்பங்கு, கண்டுபிடிக்கும் முறை விரிந்ததால்தான்.) அந்த முதல் கணக்கில் இருந்த எட்டு வயதுக்காரர்கள் 1992-இல் பிறந்தவர்கள். இன்றைக்கு முப்பதைத் தாண்டிவிட்டார்கள், என் டீமில் வேலை செய்கிறவர்களின் வயது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை.

நான் கேட்பதற்குக் காரணம் என் அண்ணன். வயது 44. திருவானைக்காவலில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது 'மூளை வளர்ச்சி குறைவு'. அன்றைக்கு அதுதான் சீட்டு. இந்தியாவில் 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. அதில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தில் பட்டியல் 21 ஆனபோதுதான் உள்ளே வந்தது. ஆகவே ஒரு முழுத் தலைமுறை தப்பான பெயரோடு வளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பெயரே இல்லாமல். உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருந்திருப்பார். "அவர் ஒரு மாதிரி", "சாது, யார் வம்புக்கும் போக மாட்டார்", கல்யாணம் ஆகாத பெரியப்பா, எந்த வருஷம் எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்லும் மாமா. இங்கிலாந்திலேயே 50 வயதைத் தாண்டிய ஆட்டிசக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்டறியப்படாமலே இருக்கலாம் என்று யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். நம்ம ஊர் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு வயதில் அண்ணனுடைய ஆட்டிசம் என்பது ஓட்டமும் சத்தமும். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான், குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பதினாறு வயதில் அது வேறு. அப்பாவை விட உயரமாகிவிட்டான், பிடித்து நிறுத்த முடியாது. அந்த வயதில்தான் வலிப்பும் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பதின்ம வயதில் புதிதாக வலிப்பு தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்பதை அப்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இருபத்தைந்துக்கு மேல் ஆள் அடங்கினான். தினமும் ஆவின் பூத்துக்குப் போய்ச் சரியான சில்லறை கொடுத்துப் பால் வாங்கி வருவான். விசிலுக்குக் காதைப் பொத்துவதோடு சரி. அவன் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் அவை என்று நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

நாற்பதில் மறுபடி ஒரு திருப்பம். திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். பகலெல்லாம் தூங்கினான், எழுந்தால் மறுபடி அறைந்துகொண்டான். இரண்டு மாதம் கழித்து அத்தை ஒருத்தி, "பல்லைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். கடைவாய்ப் பல் சொத்தை, வேர் வரைக்கும் போயிருந்தது. பிடுங்கியதும் அறைவது நின்றது. 'வலிக்குது' என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும். ஆனால் தனக்குள் நடப்பதற்குத்தான் அந்த வார்த்தை என்று சேர்த்துப் பார்க்க வராது. வயதாக ஆகச் சர்க்கரை, முட்டி வலி, கண் புரை என்று மற்றவர்களுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் வரும். எல்லாமே 'அடம் பிடிக்கிறான்' என்ற ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும். பெரியவர்களின் ஆட்டிசம் தெரிந்த பொது மருத்துவரும் பல் டாக்டரும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? குழந்தைகளுக்கான தெரபி சென்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஆனால் அவனுடைய ஆட்டிசத்தை எல்லாவற்றையும் விட அதிகம் மாற்றியது அப்பாவுக்கு வயதானதுதான். தினமும் காலை ஐந்தரைக்கு அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெலில் பின்னால் உட்கார்ந்து அம்மா மண்டபம் போய், காவிரியைப் பார்த்துவிட்டு வருவான். இருபது வருஷப் பழக்கம். அப்பாவுக்கு 74-இல் கண்ணும் முட்டியும் சேர்ந்து தகராறு பண்ணி, வண்டியை நிறுத்திவிட்டார். அண்ணன் அதற்கப்புறமும் ஐந்தரைக்குப் போய், நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்தான். மாதக்கணக்கில். குளிப்பதை நிறுத்தினான், இரவில் நடக்க ஆரம்பித்தான். டாக்டர் சீட்டில் இதற்கு ஒரு பெயர் இருக்கலாம். என் பார்வையில், அவனைத் தாங்கி நின்ற ஏற்பாடு ஒன்று மூப்படைந்தது, அவ்வளவுதான். பிள்ளையின் நடத்தையை மட்டும் அளக்கும் எந்தப் படிவத்திலும் அப்பாவின் முட்டிக்கு ஒரு கட்டம் கிடையாது.

பேசிக்கொண்டும் சம்பாதித்துக்கொண்டும் இருக்கும் ஆட்டிசக்காரர்களின் கதை வேறு. ஐடி-யில் பக்கத்து சீட்டிலேயே இருப்பார்கள். குழந்தைக்கு அசெஸ்மென்ட் செய்யப்போன இடத்தில் கேள்விகளைக் கேட்கக் கேட்க, "இது நான்தானே" என்று விழித்த அப்பாக்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். மற்றவர் மாதிரி நடந்துகொள்ள இருபது வருஷம் செலவழித்த தெம்பு நாற்பதில் தீர்ந்துபோகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவதாகச் சொல்லும் பெண்கள் பலர். அவர்கள் தாங்களே எழுதவும் பேசவும் செய்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது. நான் எழுதுவது தனக்காகப் பேச முடியாதவர்களைப் பற்றி.

இங்கே அமெரிக்காவில் நம்மவர்கள் பலர் ஊருக்குத் திரும்பாததற்கு ஒரே காரணம் பிள்ளையின் பள்ளிக்கூடம். சட்டப்படி இலவசச் சிறப்புக் கல்வி, வீட்டு வாசலுக்கு பஸ், தெரபிஸ்ட், எல்லாம் உண்டு. உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 22 வயதோடு முடிந்துவிடும். ஒரு திங்கட்கிழமை பஸ் வராது. அதற்கப்புறம் பெரியவர்களுக்கான உதவிக்குத் தனி வரிசை. நான் இருக்கும் டெக்சஸில் சில திட்டங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எச்-1பி குடும்பங்களுக்கு இன்னும் சிக்கல். பிள்ளையின் எச்-4 விசா 21 வயதில் முடிகிறது, இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசையோ நகர்வதே இல்லை. பள்ளிக்கூடம் யாருடைய விசாவையும் கேட்பதில்லை. பிறகு வரும் உதவிகளில் பெரும்பாலானவை முதலில் அதைத்தான் கேட்கின்றன. பிள்ளைக்கு ஐந்து வயது என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் தெரபி, மாதா மாதம் கையிலிருந்து ஆயிரம் டாலர் என்று மொத்தச் சேமிப்பையும் பத்து வயதுக்குள் கரைக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பேச்சு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அதில் கொஞ்சத்தையாவது நாற்பது வயதுக்காரன் பேரில் எடுத்து வையுங்கள் என்றால் அபசகுனம் பேசுகிறேன் என்கிறார்கள்.

"அண்ணனை அங்கேயே கூட்டிட்டுப் போயிடேன்" என்று சொந்தக்காரர்கள் சுலபமாகச் சொல்வார்கள். அமெரிக்கக் குடிமகன் ஆனவர் அப்பா அம்மாவுக்கு விண்ணப்பித்தால் அவர்கள் சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் அவர்களோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளை வர முடியாது. கூடப்பிறந்தவனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியர்களுக்கு அந்த வரிசை 15 வருஷத்தைத் தாண்டுகிறது. நான் இன்றைக்கே குடிமகனாகி விண்ணப்பித்தாலும் அண்ணனுக்கு அறுபது ஆகிவிடும். அதுவும் போகட்டும், காவிரி இல்லாத ஊரில் காலை ஐந்தரைக்கு அவன் என்ன செய்வான்?

டொனால்ட் டிரிப்லெட்டை மூன்று வயதில் விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வளர்ந்து கல்லூரி முடித்து, உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே உலகத்தைச் சுற்றினார். அம்மா போன பிறகும் அதே வீட்டில் வாழ்ந்தார். கேனர் 1971-இல் அந்த 11 பேரையும் தேடிப் பார்த்து மறுபடி எழுதினார். அரசு விடுதிகளில் அடைபட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். டொனால்டுக்குக் கிடைத்ததில் பாதி பணம். அந்த வங்கியே அவர் அம்மா குடும்பத்துடையது, நம்மால் வங்கி வாங்க முடியாது. மீதிப் பாதி, அந்த ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது என்பது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாம்.

நாங்கள் செய்தது ஒரு ஆட்டோ. தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஒருவரிடம் பேசினோம். முதல் மாதம் அப்பாவும் கூடவே ஏறிப் போனார். அடுத்த மாதம் மண்டபத்து வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தெருமுனை வரைக்கும் மட்டும். நான்காவது மாதம் வீட்டு வாசலில் நின்று கையாட்டினார். இப்போது அண்ணனும் ஆட்டோக்காரருமாகப் போய்வருகிறார்கள். குளியல் திரும்பிவிட்டது, ராத்திரி நடை நின்றுவிட்டது. மாதச் செலவு இங்கே ஒரு மணி நேரத் தெரபிக்கு ஆகும் பணம்தான். அப்பா அம்மா செய்யும் வேலைகளை அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொன்றாக வேறு கைக்கு மாற்றுவது, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லாக் கயிறும் ஒரே நாளில் அறுந்தால் யார் வந்து பார்த்துக்கொண்டாலும் அவன் தாங்க மாட்டான்.

காகித வேலையும் இருக்கிறது. 18 வயதுக்கு மேல் பெற்றோரே தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அப்பா அரசு ஊழியராக இருந்திருந்தால், தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கக் கிடைக்க வழியுண்டு. அதற்கு மருத்துவச் சான்றும், பென்ஷன் ஆவணத்தில் பெயரும் வேண்டும். அப்பா இருக்கும்போது செய்தால் நாலு நடை, அப்புறம் செய்தால் நாற்பது நடை.

ஹோம் என்ற பேச்சை எடுத்தாலே "பாவம், ஹோமில் விடுவீங்களா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வைத்திருந்ததுண்டா? கோவையிலும் சென்னைப் பக்கமும் நல்ல இல்லங்கள் வருகின்றன, மோசமானவையும் வருகின்றன. முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், மூக்கு பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தமிழ்ச் சங்கங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பொங்கல் விழாவில் மைக் சத்தம் எட்டாத ஒரு அறை. நாற்காலி அடுக்கவோ பந்தியில் தண்ணீர் வைக்கவோ, வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வேலை. மேடையில் ஏற்றி சால்வை போட வேண்டாம்.

"தம்பி இருக்கான்ல, பார்த்துப்பான்" என்று என் தலைக்கு மேல் நாற்பது வருஷமாக முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன், பணமும் போனும் என் பொறுப்பு. ஆனால் பல் வலியை டாலஸிலிருந்து பார்க்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன்: டபரா இல்லாமல் காபி குடிக்க மாட்டான், முடி வெட்ட அந்த ஒரே கடை, வலிப்பு மாத்திரையை வாழைப்பழத்தில் வைக்கக் கூடாது, அதற்கப்புறம் பழத்தையே தொட மாட்டான். 31 பக்கம் ஆகியிருக்கிறது. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பாதுகாவலர் மனு கொடுக்க வேண்டும். சித்தி மகன் ஒருவன் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறான், அண்ணனுக்கும் அவனைப் பிடிக்கும், சம்மதம் சொல்லிவிட்டான். அவன் மனைவி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.