வீடுகள் ஏன் பாதியில் நின்றன?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பு வாவிக்கரையில் தட்டுப்பட்டது பணமல்ல. மேசன்மாரும் மணலும் மரமுமே. நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் வீடு, கரையோரமெங்கும் வேறு வீடுகள் என ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணை வரைந்தது. தனியே பார்த்தால் எல்லாம் சரி; கூட்டிப் பார்த்தால் அத்தனை மேசன்மார் எங்கே? கூலி ஏறியது, வேலை நின்றது.

போர்தான் காரணம் என்பர். போர் மீண்டது 2006இல். தட்டுப்பாடோ 2005இலேயே தொடங்கிவிட்டது.

அவசரமற்ற வேலையைப் பின்தள்ளி, இருக்கும் கைகளை வரிசைப்படுத்துவதையே பொறியியலாளர் வளச் சமப்படுத்தல் என்பர். நிதியாண்டுக்குள் செலவுக் கணக்குக் காட்டத் துடித்தவர்களுக்கு அது தாமதமாகத் தெரிந்தது. மாவட்டத்துக்கு ஒரே அட்டவணை வேண்டும். அதில் முதலில் எழுதவேண்டியது பணத்தொகையல்ல, மேசன்மாரின் எண்ணிக்கை.