வேகச் சோதனையில் விடைகள் வேறுபடுவது ஏன்?

நிற்கும் கார் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை வினாடி பிடிக்கிறது என்பதைக் கார்களைச் சோதித்து எழுதும் இதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. ஒரே காருக்கு ஓர் இதழ் தரும் எண்ணும் மற்றோர் இதழ் தரும் எண்ணும் ஒன்றிரண்டு வினாடி வேறுபடுவதுண்டு. உடனே, "இவற்றுள் எது பொய்?" என்று கேட்கிறோம். இரண்டுமே மெய்யாக இருக்கலாம் என்பதே என் கருத்து. நாம் ஐயுற வேண்டியது எண்கள் வேறுபடுவதை அன்று. எந்நிலையில் அளந்தது என்று சொல்லாமல் தனித்து நிற்கும் ஒற்றை எண்ணையே.

2007-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாருதி சுவிஃப்ட் டீசல் காரை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலுடன் அந்நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. எனினும் இக்கார் நம் சாலைகளுக்குப் பழக்கமானதே. 1,248 கன செ.மீ. கொள்ளளவுள்ள இதன் எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்றில் 75 குதிரைத் திறன், அதாவது சுமார் 55 கிலோவாட், தருகிறது.

ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் நிறை 1,150 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். அவ்வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,44,000 ஜூல். இதை 55,000 வாட்டால் வகுத்தால் 8 வினாடி கிடைக்கும். எனவே, சமதளத்தில் இக்கார் 7 வினாடியில் 100-ஐ எட்டியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. உண்மையில் 8 வினாடியிலும் எட்டாது. எஞ்சின் எப்போதும் முழுத் திறனில் சுழல்வதில்லை. உராய்வும் காற்றுத் தடையும் தம் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே, கணக்கிற்காக 14 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் அளவில் இருக்கும். இந்த 14 எப்படியெல்லாம் மாறும் என்று பார்ப்போம்.

முதலாவது, ஓட்டுநர். இவ்வெஞ்சினில் டர்போ என்னும் சுழலி உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது அதன் வேலை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகையும் குறைவு, டர்போவின் உதவியும் குறைவு. உச்ச முறுக்கு விசையான 190 நியூட்டன் மீட்டர் 2,000 சுற்றில்தான் கிடைக்கிறது. எனவே எத்தனை சுற்றில் கிளட்சை விடுகிறார் என்பதைப் பொறுத்துப் புறப்பாடே மாறிவிடும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரங்களுக்கு விசை சிறிது நேரம் நின்றுபோகிறது. கை பழகியவர் இதில் மிச்சம் பிடிப்பார்.

இரண்டாவது, சுமை. தலைக்கு 60 கிலோகிராம் வீதம் நால்வர் ஏறினால் நிறை 240 கிலோகிராம் கூடுகிறது. விசை மாறாமல் நிறை கூடினால் முடுக்கம் குறையும் என்பது நியூட்டன் விதி. 14 வினாடி ஏறத்தாழ 17 ஆகிவிடும். குளிர்சாதனத்தையும் இயக்கினால் அதற்கும் எஞ்சினே திறன் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, சாலையும் காற்றும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆயினும் அது முடுக்கத்தில் 0.1 அளவைப் பறிக்கிறது; இது 20-இல் ஒரு பங்கு. ஏறும்போது 14.7 வினாடியும், திரும்பி இறங்கும்போது 13.3 வினாடியும் வரும். அதனால்தான் கவனமுள்ள சோதனையாளர்கள் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி காண்கிறார்கள். எதிர்க்காற்றும் அப்படியே. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் காருக்கு 20 கி.மீ. வேக எதிர்க்காற்று வீசினால், காற்றுத் தடை 1.44 மடங்காகும்.

நான்காவது, அளக்கும் முறை. காரின் வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பது பன்னாட்டு விதி. அது 100 என்று காட்டும்போது உண்மை வேகம் 94 ஆக இருந்தால், ஒன்றரை வினாடிக்கு அருகில் இலவசமாகக் கிடைத்துவிடும். இதனால்தான் முன்னாளில் ஐந்தாவது சக்கரம் ஒன்றைக் காருடன் இணைத்து அளந்தார்கள். இன்று செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவிகள் வந்துள்ளன. அமெரிக்க இதழ்களோ மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கி.மீ., வரைதான் கணக்கிடுகின்றன. கார் ஓர் அடி நகர்ந்த பின்பே கடிகாரத்தைத் தொடங்கும் வழக்கமும் அங்கு உண்டு. அந்த ஓர் அடியிலேயே அரை வினாடிக்கு அருகில் மறைந்துவிடும்!

இவ்வளவும் சேர்ந்தால், விடைகள் வேறுபடுவது வியப்பன்று, ஒத்துப்போவதுதான் வியப்பு.

இது கார் இதழ்களோடு முடியும் செய்தியன்று. கல்லூரி ஆய்வகத்திற்கு வரும் மாணவர்கள் பலர், ஐந்து முறை அளந்தாலும் ஐந்தும் ஒன்றாகவே இருக்கும் செய்முறை ஏட்டுடன் வருகிறார்கள். தனி ஊசல் சோதனையில் 9.8 வரவில்லையென்றால் அளவீட்டைத் திருத்தி விடையை வரவழைக்கும் பழக்கம் பள்ளியிலேயே படிந்துவிடுகிறது. இதற்கு மாணவரைவிட, ஒத்த விடைக்கே மதிப்பெண் தரும் முறைதான் பெரிதும் காரணம். 9.5, 9.9, 9.7 என்று உள்ளபடி எழுதி, ஏன் வேறுபட்டன என்று இரண்டு வரி விளக்கும் மாணவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும் என்பேன்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் கார் ஓட்டப் போகிறீர்கள். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது 60-இலிருந்து 100 கி.மீ. வேகத்தை 8 வினாடியில் எட்டும் கார், முன்சொன்ன நால்வரும் ஏறினால் ஏறத்தாழ 9.6 வினாடி எடுக்கும். ஒரு லாரியை முந்தும்போது எதிரே 80 கி.மீ. வேகத்தில் ஒரு பேருந்து வந்தால், அந்த 1.6 வினாடியில் இரு வண்டிகளுக்கும் இடையே உள்ள தூரம் 70 மீட்டர் குறைந்துவிடும். இதழில் படித்த எண்ணை நம்பி முந்துபவருக்கு அந்த 70 மீட்டர் கிடைக்காமற் போகலாம்.

ஆகவே, ஓர் எண்ணைப் படிக்கும்போது "எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "எந்நிலையில்? எத்தனை முறை? எதைக் கொண்டு?" என்றும் கேளுங்கள். நீங்கள் ஓர் எண்ணை எழுதும்போது, அம்மூன்றுக்கும் விடையை அருகிலேயே எழுதிவையுங்கள்.